யோகா அக்கா கேட்பதை நிறுத்திய கேள்வி

துளசி அழைத்தபோது நான் அலுவலகக் கூட்டம் ஒன்றில் இருந்தேன். முதல் அழைப்பைத் துண்டித்தேன். உடனே மறுபடி வந்தது. வேலை நேரத்தில் அப்படி அடுத்தடுத்து அழைக்கிற பெண் அல்ல அவள். எழுந்து வெளியே போய், நடைவழிச் சன்னலோரம் நின்றுகொண்டு எடுத்தேன்.

“அம்மா போயிட்டா அக்கா.”

துளசி பிரெஞ்சில் வளர்ந்தவள். தமிழில் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுப்பாள். அன்றைக்குத் தேடவேயில்லை. “விடியக்காத்தால. ஹொஸ்பிட்டல்லதான். நித்திரையில.” பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, “லூப்பேக்கு நீங்கள் சொல்லுறீங்களா? என்னால ஏலாது” என்றாள்.

யோகா அக்கா என்று நாம் எல்லோரும் அழைத்த யோகேஸ்வரி இப்படித்தான் போனார். கரவெட்டியில் பிறந்து, மொன்றியலில் பாதி வாழ்க்கைக்கு மேல் வாழ்ந்து, ரொக்ஸ்பரோவில் ரயில் சத்தம் கேட்கும் அந்தச் செங்கல் வீட்டில் துளசியைத் தனியாக வளர்த்தவர். கோயிலில் அவரைப் பார்த்தவர்களுக்கு அவர் நன்றாக வடை சுடுகிறவர். டோர்வலில் விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் சமையற்கூடத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் யாருக்கும் பயப்படாத மேற்பார்வையாளர். எனக்கு அவர் வேறொருவர். சனிக்கிழமைகளில் இந்த நகரம் முழுக்க என்னை இழுத்துக்கொண்டு மெக்ஸிக்கோச் சாப்பாடு தேடி அலைந்தவர். “யோகாவுக்கு விசர் பிடிச்சிட்டுது” என்று உங்களில் சிலர் சிரித்ததும் எனக்குத் தெரியும். அந்த அலைச்சலில் நடந்த ஒன்றை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். லூப்பேயிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். லூப்பே என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல.

நான் திருநெல்வேலிப் பெண். கணினி வேலைக்காக இங்கே வந்த முதல் இலையுதிர் காலத்தில், ஜான்-தலோன் சந்தைக்குப் பக்கத்தில் லத்தீன் அமெரிக்கச் சாமான் விற்கும் கடையில் காய்ந்த மிளகாய் தேடிக்கொண்டிருந்தேன். சுவர் நிறைய மிளகாய். கறுப்பு, பழுப்பு, ஊதா. எதை எடுப்பது என்று அம்மாவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல்.

“நீர் கையில வச்சிருக்கிறது உறைக்காது பிள்ளை. அது வாசத்துக்கு. அங்கை கீழ இருக்கே, சின்னன், அதை எடும்.” திரும்பினேன். கம்பளித் தொப்பிக்குள் பெரிய கண்கள். அடுத்த கேள்வி உடனே வந்தது: “எந்த ஊர்?”

திருநெல்வேலி என்றேன். அதிலே எந்தப் பக்கம் என்றார். அம்பாசமுத்திரம் என்றதும், ஆறு ஓடுகிற ஊரா, என்ன மீன் பிடிபடும், புளி விடுவீர்களா மாங்காய் போடுவீர்களா என்று கடை வாசலிலேயே வைத்துக் குடைந்துவிட்டார். இந்த நகரத்தில் என்னை அதுவரை எல்லோரும் இந்தியாவா என்றுதான் கேட்டிருந்தார்கள். ஊரைக் கேட்டு, பிறகு ஆற்றையும் கேட்ட முதல் ஆள் அவர்தான். அடுத்த சனிக்கிழமை நானே அவரை அழைத்தேன்.

மெக்ஸிக்கோ மீது அவருக்கு ஏன் அத்தனை பிரியம் என்பதற்குக் காரணம் எளிது. டோர்வல் சமையற்கூடத்தில் அவரோடு நின்றவர்களில் பலர் மெக்ஸிக்கோக்காரர்கள். அவர்களிடம்தான் ஸ்பானிஷ் கற்றார். மதிய இடைவேளையில் ஒவ்வொருவரும் கொண்டுவரும் சாப்பாடு வெவ்வேறாக இருப்பதைக் கண்டுபிடித்தார். “மெக்ஸிக்கன் சாப்பாடு எண்டு ஒண்டு இல்லை. இந்தியன் சாப்பாடு எண்டு போட்டிருக்கிற கடையில உம்மடை அம்மாவின்ரை கறி கிடைக்குமோ?” என்று கேட்பார். கடைக்குள் போனால் மெனு அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார். நேரே சமையலறை வாசலுக்குப் போய், சமைப்பவரிடம் ஸ்பானிஷில் அந்த ஒரே கேள்வியைக் கேட்பார். எந்த ஊர்?

அந்தக் கேள்விக்கு மனிதர்கள் மலர்ந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பெண் “வஹாக்கா” என்று சொல்லிவிட்டு அடுப்பையே விட்டு வெளியே வந்தாள். வீட்டாருக்கு மட்டும் வைத்திருந்த கறுப்புக் குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். மிளகாயைக் கருகுகிற அளவுக்கு வறுத்து அரைத்தது. கடைசியில் கொஞ்சம் சாக்லேட். யோகா அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “எங்கடை தூள் வறுக்கேக்க வாற மணம்” என்றார். புவெப்லா ஊர்க்காரர் ஒருவர், தன் ரொட்டிக்குள் வைக்கும் கீரை இங்கே கிடைப்பதில்லை என்று பால்கனித் தொட்டியில் தானே வளர்த்ததைக் கிள்ளிக்கொண்டு வந்து காட்டினார். வெர்டனில் யுக்கட்டான் பகுதிக்காரர் ஒருவர் பன்றி இறைச்சியைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து, வாழையிலை இல்லாமல் அலுமினியத் தாளில் சுற்றி வேகவைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் யோகா அக்கா தமிழ்க்கடையிலிருந்து உறைந்த வாழையிலைக் கட்டு ஒன்றைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தார். அந்த மனிதர் அழுதுவிட்டார்.

அதனால்தான், லூப்பேயின் கடையில் நடந்ததற்கு நாங்கள் இருவரும் தயாராக இருக்கவில்லை.

வடக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. எந்தத் தெரு என்பது வேண்டாம். ஜனவரி மாதம், மதியச் சாப்பாட்டு நேரம் முடிகிற வேளை. பரிமாறும் மேடையோரம் ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்து குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லூப்பே தனியாகச் சமைத்துத் தனியாகப் பரிமாறினாள். முப்பது வயதிருக்கும். யோகா அக்கா வழக்கம்போலக் கேட்டார். அவள் திரும்பாமலே, “மெக்ஸிக்கோ நகரம்” என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் அவள் தனக்கென்று எடுத்து வைத்திருந்த கிண்ணத்தை யோகா அக்கா பார்த்துவிட்டார். அந்தச் சாப்பாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஊர் தெரிந்துவிடும். டோர்வலில் ஒருவர் மட்டும் அதைக் கொண்டுவருவாராம். மெக்ஸிக்கோவின் ஒரு மூலையில் மட்டும் சமைப்பதாம். யோகா அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைத் தட்டி, அந்தச் சாப்பாட்டின் பெயரையும் அந்தப் பகுதியின் பெயரையும் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “நகரம் எண்டு எனக்குப் பொய் சொல்லாதை, நீ அந்தப் பக்கம்தான்!”

லூப்பேயின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். அவள் யோகா அக்காவைப் பார்க்கவில்லை. மேடையோரம் இருந்த ஆளைப் பார்த்தாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கியிருந்தான். அவள் கிண்ணத்தை எடுத்துக் குப்பையில் கவிழ்த்தாள். “கடை மூடியாச்சு. போங்க” என்று பிரெஞ்சில் சொன்னாள். நாங்கள் கோட்டை மாட்டி முடிப்பதற்குள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை கடை மூடியிருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

“பக்கத்துக் கடையில விசாரிக்கலாமா அக்கா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்!” அவர் என் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் பனியில் வழுக்கப் பார்த்தேன். “தேடக் கூடாது. தேடுற ஆக்களுக்குத்தான் அவள் பயப்பிடுறாள்.”

காருக்குள் வந்து உட்கார்ந்தும் அவர் பெல்ட் போடவில்லை. கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்திருந்தது. அப்போதுதான் அவர் கொழும்பைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன் ஒருபோதும் சொன்னதில்லை. வெளிநாடு போவதற்காகக் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த காலம். அறையில் இன்னொரு பெண். தண்ணீர்க் குழாயடியில் ஒரு வயதான மனிசி, தமிழ்தான், அன்பாகக் கேட்டாளாம்: எந்த ஊர் பிள்ளையள்?

“வடக்குப் பிள்ளையள் எண்டா பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போற காலம். நான் நீர்கொழும்பு எண்டு சொன்னன். ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது. வாய் தானாச் சொல்லிச்சுது. மற்றப் பிள்ளை வெகுளி. உண்மையைச் சொல்லிப்போட்டாள். அடுத்த நாள் வந்து அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போட்டாங்கள். பேந்து நான் அவளைக் காணேல்லை.”

“அந்தம்மாதான் காட்டிக் கொடுத்தாங்களா?”

“தெரியாது. இண்டைக்கும் தெரியாது. சும்மா கதை குடுத்த மனிசியாயும் இருக்கலாம்.” கையுறையைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்தார். “இவ்வளவு காலமா நானும் அந்த மனிசி மாதிரித்தான் ஊர் ஊரெண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். சந்தோசமாச் சொன்னவையைத்தான் கண்டன். பயந்தவையை ஒருநாளும் யோசிக்கேல்லை.”

அதன் பிறகு சில வாரங்கள் நாங்கள் எங்குமே போகவில்லை. அவர் அழைத்தால் வேறெதையாவது பேசுவார். பிப்ரவரிக் கடைசியில் கடை மறுபடி திறந்திருப்பதைப் பேருந்திலிருந்து பார்த்ததாகச் சொன்னார். “வாரும்” என்றார். “உள்ள போகமாட்டன். வாசல்ல நிண்டு ஒண்டு சொல்லவேணும்.”

அன்றைக்குக் குளிர் காதை அறுத்தது. மதியக் கூட்டம் இன்னும் வராத நேரம். எங்களைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்ததும் லூப்பே வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கீழே வைக்கவில்லை. அதோடே கதவருகே வந்தாள். யோகா அக்கா தொப்பியையும் கழுத்துத் துணியையும் கழற்றினார். கோட்டைத் திறந்துவிட்டார். இரண்டு கையையும் வெளியே எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு, மூடிய கதவுக்கு முன்னால் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கும் அளவுக்குச் சத்தமாகப் பேசத் தொடங்கினார்.

எனக்கு அப்போது பாதி ஸ்பானிஷ்தான் புரியும். கரவெட்டி என்ற சொல் காதில் விழுந்தது. பிறகு கொட்டாஞ்சேனை. தன் முழுப் பெயர், தகப்பன் பெயர், எப்படித் தப்பி வந்தார், எந்தப் பெயரில் இந்த நாட்டுக்குள் நுழைந்தார், ரொக்ஸ்பரோவில் எந்தத் தெருவில் எந்த வீடு, தொலைபேசி எண், எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம்கூடச் சொல்லாத இரண்டு விஷயங்களையும் சொன்னார். அவற்றை நான் எழுதமாட்டேன். மூக்கு நுனி சிவந்து, உதடு உறைந்து சொற்கள் குழறத் தொடங்கின. தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் சொன்னது தெளிவாகப் புரிந்தது. “இனி என்னைப் பற்றி உனக்கு எல்லாம் தெரியும். உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவேண்டாம்.”

லூப்பே கதவைத் திறக்கவில்லை. கத்தியைத் தாழ்த்தினாள். பிறகு திரும்பி அடுப்பருகே போய்விட்டாள். நாங்கள் காருக்கு வந்தோம். ஹீட்டரைக் கூட்டி வைத்து, அவர் விரல்களை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன். “அவ்வளவுதான்” என்றார். “அவள் நம்பவேணும் எண்டு இல்லை.”

பனி உருகத் தொடங்கிய நேரத்தில், ஒரு வேலை நாள் பிற்பகலில், யோகா அக்கா என்னை அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது. “காரை எடுத்துக்கொண்டு வாரும். லூப்பே போன் எடுத்தவள். அண்டைக்கு மேடையில இருந்தவன் திரும்பி வந்து இருக்கிறானாம். அந்தச் சாப்பாட்டைப் பேர் சொல்லிக் கேக்கிறானாம்.”

அவரை மெட்ரோ வாசலில் ஏற்றிக்கொண்டேன். போலீசைக் கூப்பிடலாமே என்றேன். லூப்பேயின் அகதி வழக்கு விசாரணைக்குக் காத்திருக்கிறது, போலீஸ் என்றாலே அவள் ஊரில் அவளைத் தேடுகிற கும்பலோடு சேர்ந்தவர்கள், அவள் கூப்பிடமாட்டாள், போனில் அவளே சொன்னாள் என்றார். “ஒருத்தன் சாப்பாடு கேட்டான் எண்டு சொல்லி என்னத்தைப் பதியச் சொல்லுறது?”

திட்டம் அவருடையது. நான் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் காரை நிறுத்த வேண்டும். அவர் முன்வாசலால் உள்ளே போவார். லூப்பே பின்வாசலால் வெளியே வரவேண்டும். வேறு எதுவும் செய்யக் கூடாது.

சந்தில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. இயந்திரத்தை அணைக்காமல் நின்றேன். பின்கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. அந்த ஆள் எழுந்து இந்தப் பக்கம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். உள்ளே யோகா அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வழக்கமான சிரிப்பு இல்லை அது. பிறகு கதவு திறந்தது. ஏப்ரனோடு, கோட்டைக் கையில் பிடித்தபடி லூப்பே ஓடிவந்து பின் இருக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

யோகா அக்கா உடனே வரவில்லை. லூப்பே பின்னாலிருந்து, “அவர் எங்கே, அவர் எங்கே” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் காரைவிட்டு இறங்கப்போன நேரத்தில், யோகா அக்கா தெருமுனையைச் சுற்றிக்கொண்டு, யாரும் துரத்தாத ஆளைப்போல நிதானமாக நடந்து வந்து ஏறினார்.

“என்னாச்சு அக்கா? யாரு அவன்?”

“அவன்ரை மேசையிலயே போய் இருந்தன். எந்த ஊர் எண்டு கேட்டன்.” வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. பிறகு சொன்னார். “குவாதலஹாரா எண்டு சொன்னான். ஆனா நான் நீர்கொழும்பு எண்டு சொன்ன மாதிரிச் சொன்னான்.”

“அப்ப அவனும் பயந்து ஒளிஞ்சிருக்கிற ஆளா? ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கி வந்திருக்கானா?”

“இருக்கலாம். பயந்துதான் இருந்தான், கரண்டி தட்டில அடிபட்டுக்கொண்டே இருந்தது. ஆனா பயந்தவன் எல்லாம் நல்லவன் எண்டு இல்லைப் பிள்ளை.”

ரொக்ஸ்பரோ போய்ச் சேரும்வரை நான் பின்பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வழியில் ஒரு சாம்பல் நிற வண்டி நெடுந்தூரம் எங்கள் பின்னாலேயே வந்தது. நானும் யோகா அக்காவும் அதைக் கவனித்தோம், லூப்பேயும் எழுந்து பின்னால் பார்த்தாள். அது ஒரு பேரங்காடியின் வாகனத் தரிப்பிடத்துக்குள் திரும்பியபோது, லூப்பே வாய்விட்டு அழுதாள்.

அன்றிலிருந்து அடுத்த இலையுதிர் காலம் வரை லூப்பே அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தாள். கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அந்த ஆள் யார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. துளசிக்கு முதலில் கோபம். “மமோன், இது டேஞ்சர், உங்களுக்கு விளங்கேல்லையா?” என்று அம்மாவைப் பிரெஞ்சில் அழைத்துக் கத்தினாள். “எனக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?” என்று மட்டும் சொல்லிவிட்டு யோகா அக்கா கீழே மெத்தை விரிக்கப் போனார். அத்தனை மாதமும் அவர் அவளிடம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரணைக்கு முன் வழக்கறிஞரோடு பேச உதவி தேவைப்பட்டபோதுகூட, “நான் இருந்தா அவள் எனக்குச் சொல்லவேண்டி வரும்” என்று வேறு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொன்னார். லூப்பேயின் வழக்கு ஏற்கப்பட்டது. ஆனால் அவள் தாயும் தம்பியும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சனிக்கிழமைகள் பிறகு மறுபடி தொடங்கின. ஆனால் யோகா அக்கா சமையலறை வாசலுக்குப் போவதை விட்டுவிட்டார். மேசையில் உட்கார்ந்து, சமைப்பவர் கேட்கும்படி, “நான் இலங்கை, கரவெட்டி. எங்கடை பக்கம் மீனுக்குப் புளி விடுவம்” என்று தன்னைப் பற்றிச் சொல்வார். சிலர் பதிலுக்குத் தங்கள் ஊரைச் சொன்னார்கள். சொல்லாதவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லி வந்தோம். அந்த நாட்களில் நாங்கள் குறைவாகத்தான் கண்டுபிடித்தோம். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு அன்று ரொக்ஸ்பரோ வீட்டில் உங்களில் பலர் இருந்தீர்கள். அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் துளசி இலையில் படைத்தாள். ஆட்டிறைச்சிக் கறி, நண்டு, புட்டு. இலையின் ஓரத்தில், லூப்பே சட்டியோடு கொண்டுவந்திருந்த அந்தச் சாப்பாடு. படைத்து முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, லவாலில் இருந்து வந்திருந்த உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அதில் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். லூப்பேயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நல்ல கைப்பக்குவம். மெக்ஸிக்கோவோ? கேளும் பிள்ளை, அங்கை எந்த ஊராம்?”

என் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. எதிரில் துளசி அசையாமல் இருந்தாள். நல்ல மனிதர், ஆசையாகத்தான் கேட்டார். நான் என்ன சொல்வது என்று நினைப்பதற்குள், அந்த வீட்டில் இருந்த மாதங்களில் ஊர் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டிருந்த லூப்பே தானே அவர் பக்கம் திரும்பினாள்.

“மெக்ஸிக்கோ சிட்டி” என்றாள், கண் இமைக்காமல்.

“ஆ, பெரிய இடம்” என்று அவர் தலையாட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. துளசியும் திறக்கவில்லை. இருவரும் கையிலிருந்ததை வாயில் வைத்து மென்றோம். யோகா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். ஒருத்தி மறைத்து வைத்திருப்பது எனக்குத் தெரிந்தும், தெரியாதவளைப் போல அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சமைத்ததை அமைதியாகச் சாப்பிட என்னால் முடிகிறது.

பெரியவர் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தட்டை நீட்டினார். லூப்பே சட்டியைச் சாய்த்து, அடியில் இருந்ததையும் வழித்து அவர் தட்டில் போட்டாள்.